காந்தம் ஒட்டாத பானெட்: ஒன்பது வயது ஆடி டிடி ஒன்றுக்கு விலை கட்டிய கணக்கு

பின்னணி

2022 ஜனவரி கடைசி வாரம். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். வயது 34. "அண்ணா, ஒரு ஆடி டிடி வந்திருக்குதுங்க. பத்தொம்பதரை லட்சம் சொல்றாங்க. நாயமான விலைங்களா?"

நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து எது போயிற்று, எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஓடுகிற வண்டிக்கு விலை சொல்வது வேறு வேலை. மாருதி ஸ்விஃப்ட் என்றால் கோவையில் எந்தப் புரோக்கரும் கண்ணை மூடிக்கொண்டு ஐயாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடுவார். டிடி அப்படியல்ல, அது ஜெர்மன் கம்பெனி ஆடியின் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். ஊரில் மொத்தம் எத்தனை இருக்கின்றன என்று விரல் விட்டு எண்ணலாம். வருஷத்துக்கு ஒன்று கைமாறினால் அதிகம்.

வண்டி இதுதான். 2012 கடைசியில் தயாராகி 2013 ஜனவரியில் பதிவானது. இரண்டாம் தலைமுறை டிடி கூப்பே, 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 211 குதிரைத்திறன், தானாக மாறும் ஆறு கியர் எஸ்-டிரானிக், நாலு சக்கரமும் இழுக்கும் குவாட்ரோ. ஷாக் அப்சார்பர் காந்த வகை, அதாவது மேக்னெட்டிக் ரைடு. மீட்டரில் 43,260 கிலோமீட்டர். திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக் குடும்பத்தின் வண்டி. மகன் ஆசைப்பட்டு வாங்கியது. அவர் வெளிநாட்டில் குடியேறிவிட்டார். இரண்டு வருஷமாக ஷெட்டில் கவர் போட்டு நிற்கிறது, ஞாயிறுதோறும் டிரைவர் ஒரு சுற்று ஓட்டி வைக்கிறார் என்றார்கள்.

தம்பிக்கு வேண்டியது தினமும் பட்டறைக்குப் போகும் வண்டியல்ல. அதற்கு வேறு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கையிலிருந்து 16 லட்சம் வரை போடலாம், கடன் வேண்டாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்திருந்தார். விலையைப் பேசும் முன்பே இந்த முடிவை எடுத்திருந்தது பின்னால் பெரிதும் உதவியது.

சந்தை விலை என்று ஒன்று இருந்ததா

முதல் நான்கு நாள் வண்டியைப் பார்க்கப் போகவில்லை. நாடு முழுவதும் விற்பனைக்கு வந்திருந்த இதே தலைமுறை டிடிகளைத் தேடினோம். ஏழு அகப்பட்டன. டெல்லியில் ஒன்று 13.75 லட்சம். மும்பையில் ஒன்று 24 லட்சம். மற்றவை இடையில் எங்கெங்கோ நின்றன. ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. அது விற்பவர்களின் ஆசையின் சராசரி. அந்தச் சமயம் சிப் தட்டுப்பாட்டால் புது வண்டிகள் மாசக்கணக்கில் தாமதமாகிக்கொண்டிருந்தன, பழைய வண்டி வைத்திருந்த எல்லாருக்கும் ஆசை கொஞ்சம் கூடியிருந்தது.

எங்களுக்கு வேண்டியது சொன்ன விலையல்ல, முடிந்த விலை. மெக்கானிக்குகள் வழியாக இரண்டு கிடைத்தன. பெங்களூருவில் 2011 மாடல், 61,000 கிலோமீட்டர், 16 லட்சத்துக்கு முடிந்திருந்தது. சென்னையில் 2013 மாடல், 38,000 கிலோமீட்டர், டயர் புதிது, 17.25 லட்சம். இரண்டும் முந்தைய எட்டு மாதத்துக்குள் நடந்தவை. இவை தவிர கொச்சியில் ஒரு வண்டி 21 லட்சத்தில் ஆரம்பித்து ஐந்து மாதத்தில் 17.5-க்கு இறங்கி, பிறகு பட்டியலிலிருந்து காணாமல் போயிருந்தது. விற்றதா, ஓனர் மனம் மாறினாரா தெரியாது. ஆனால் 21-க்கு ஆள் இல்லை என்பது மட்டும் உறுதி.

டெல்லி வண்டியில்தான் தம்பியின் கண் போய்ப் போய் நின்றது. கிட்டத்தட்ட ஆறு லட்சம் குறைவு அல்லவா? டெல்லி வட்டாரத்தில் 10 வருஷம் தாண்டிய டீசலும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்று அப்போது இருந்ததால் அங்கே பழைய வண்டிக்கு மதிப்பு சீக்கிரம் இறங்கியது. அது தெற்கே லாபமாகத் தெரிந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வெளிமாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு டெல்லியிலிருந்து என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வர வேண்டும். இங்கே வயதுக்கு ஏற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும். அந்த வரி நாம் கொடுக்கும் பழைய விலையை வைத்துப் போடுவதல்ல, வண்டியின் ஆரம்ப விலையை வைத்துப் போடுவது. ஆர்டிஓ வேலை பார்க்கும் ஏஜென்ட் மதிப்பாகச் சொன்னது நாலு லட்சத்தை ஒட்டி. கேரியர் லாரி வாடகை, அலைச்சல், இதர செலவு முக்கால் லட்சம். ஆக 13.75 லட்சம் கோவை வந்து சேரும்போது 18.5 ஆகிவிடுகிறது. அதுவும் கண்ணால் பார்க்காத வண்டி. டெல்லியை அத்தோடு விட்டோம்.

இந்தக் கட்டத்தில் எங்கள் முடிவு: உள்ளூர்ப் பதிவு, குறை சொல்ல எதுவும் இல்லாத ஒரு 2013 டிடிக்கு 17.25 லட்சம். இதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் வண்டியில் இருக்கும் ஒவ்வொரு குறைக்கும் கழித்துக்கொண்டு வருவது.

முதல் நாள் பார்த்தது

பிப்ரவரி முதல் சனிக்கிழமை மதியம் போனோம். வண்டி பளபளவென்று நின்றது. அடிப்பக்கம் உட்பட பிரஷர் வாட்டர் வாஷ் செய்து, டயருக்குக் கறுப்புப் பூசி வைத்திருந்தார்கள். பானெட்டில் கை வைத்தேன், சூடு. நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்று செய்தார்களா, விருந்தாளி வரும்போது வாசல் தெளிப்பது போலச் செய்தார்களா என்று சொல்ல முடியாது. எப்படியானாலும் அன்று எஞ்சினைப் பற்றி ஒன்றும் முடிவு செய்யக்கூடாது என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

விற்பவர் தரப்பில் பெரியவர் ஒருவர், கூட ஒரு புரோக்கர். பெரியவர் முகம் வாடியிருந்தது. காரணம் பேச்சில் தெரிந்தது. முந்தின வாரம் வேறு ஒரு பார்ட்டி வந்திருக்கிறது. அவர்களோடு வந்த ஆள் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து பானெட்டில் வைத்திருக்கிறார். ஒட்டவில்லை. கூரையில் வைத்தார், ஒட்டவில்லை. முன் ஃபெண்டரில் வைத்தார், விழுந்துவிட்டது. கதவில் மட்டும் ஒட்டியது. "வண்டி முழுக்கப் பட்டிங்க, உருண்ட வண்டி" என்று சொல்லி 12 லட்சம் கேட்டுவிட்டுப் போய்விட்டார்களாம்.

பழைய வண்டி பார்க்கிறவர்களிடம் காந்தம் நல்ல கருவி. தகரத்தின் மேல் நெளிவை நிரப்பும் பட்டி தடிமனாக இருந்தால் காந்தம் பிடிக்காது. ஆனால் தகரம் இரும்பாக இருக்க வேண்டும். இந்தத் தலைமுறை டிடியின் பாடியில் எடைப்படி 69 சதவீதம் அலுமினியம், மீதி உருக்கு. பானெட், முன் ஃபெண்டர், கூரை, பக்கவாட்டுத் தகடு எல்லாம் அலுமினியம். எடை முன்பக்கம் அதிகம் சாயாமல் இருக்கக் கதவையும் டிக்கி மூடியையும் பின் தரையையும் உருக்கில் செய்திருக்கிறார்கள். காந்தம் கதவில் ஒட்டி பானெட்டில் ஒட்டாமல் இருப்பதுதான் சரியான டிடிக்கு அடையாளம். பானெட்டில் ஒட்டியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதைப் பெரியவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கு ஒரு நிமிடம் யோசனை. சொன்னால் அவர் விலையில் நிற்பார், சொல்லாவிட்டால் தம்பிக்கு லாபம். சொல்லிவிட்டேன். காந்தக் கதையை நம்பிக்கொண்டு ஒருவர் விலையை இறக்கினால் நாளைக்கு வேறு யாராவது உண்மையைச் சொல்லும்போது முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வார். தம்பிக்கு அப்போது இது கொஞ்சம் கசப்புதான்.

என்னிடம் இருந்தது இரும்பு, அலுமினியம் இரண்டிலும் பெயின்ட் கனம் காட்டும் மீட்டர். விலை குறைந்த மீட்டர்கள் இரும்பில் மட்டும் வேலை செய்யும், டிடியின் பானெட்டில் வைத்தால் ஒன்றும் காட்டாது. கூரையில் வைத்தேன்: 108, 112, 115 மைக்ரான். கம்பெனிப் பெயின்ட். பானெட் 118. வலது ஃபெண்டர் 110. இரண்டு கதவும் 120-ஐச் சுற்றி. இடது முன் ஃபெண்டரில் சக்கர வளைவுக்கு மேலே வைத்ததும் 640. இரண்டு விரல் தள்ளி வைத்தால் 710. மறுபடி கதவுப் பக்கம் நகர்ந்தால் 190. அதாவது ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி போட்டு, மீதி ஃபெண்டர் முழுவதும் மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள். முன் பம்பர் பிளாஸ்டிக், அங்கே மீட்டர் பேசாது. ஹெட்லைட்டின் பின்பக்க லேபிளைப் பார்த்தேன். வலதில் 2012, இடதில் 2020.

"ஐயா, முன்னாடி இடது பக்கம் எங்கயாவது தட்டினதுங்களா?"

பெரியவர் புரோக்கரைப் பார்த்தார். புரோக்கர், "பின் டென்ட் கூட இல்லீங்க சார்" என்று முந்திக்கொண்டார்.

இரண்டாம் காலை

ஞாயிறு காலை ஆறரை மணிக்கே போய்விட்டோம். வண்டியைத் தொட வேண்டாம் என்று முந்தின இரவு சொல்லி வைத்திருந்தோம். இந்தத் தலைமுறை 2.0 டர்போ எஞ்சினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாங்கக்கூடாது என்பது மெக்கானிக்குகள் எல்லாரும் சொல்வது. குளிர்ந்த எஞ்சினைத் தட்டும்போது முதல் சில விநாடி செயின் சலசலப்பு வந்தால் யோசிக்க வேண்டும். சத்தமே இல்லை. எங்கள் மெக்கானிக் கீழ் மூடியில் இருக்கும் சின்ன அடைப்பைக் கழற்றி கேமரா விட்டுப் பார்த்து, புது வகை டென்ஷனர்தான் என்றார். எனக்குப் பாதி பயம் அங்கேயே போனது.

அடுத்து ஸ்கேனர். மீட்டரைச் சுற்றியிருக்கிறார்களா என்று பார்க்க எங்கள் வழி, பழைய ஃபால்ட் கோடுகளைத் தேடுவது. ஒரு கோளாறு பதிவாகும்போது அந்த நேரத்துக் கிலோமீட்டரும் கூடவே பதிவாகும். மீட்டரைத் திருத்துகிறவர்கள் பல சமயம் இதை மறந்துவிடுவார்கள். இந்த வண்டியில் பேட்டரி வோல்டேஜ் குறைந்ததற்கான கோடு ஒன்று 41,812-இல் இருந்தது. சர்வீஸ் பில்கள் 9,000, 17,000, 24,000, 33,000, 39,000 என்று ஒழுங்காக ஏறிக்கொண்டு வந்தன. மீட்டர் நேர்மையானது.

டயர் நாலும் கட்டை தேயவில்லை, ஆனால் பக்கவாட்டில் இருக்கும் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2316. 2016-ஆம் வருஷம் 23-ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. கொண்டை ஊசி வளைவுக்கு இது ஆகாது. கியர் ஆயில் ஒருமுறைகூட மாற்றவில்லை. 60,000-க்குத்தான் மாற்ற வேண்டும் என்பது டிரைவர் வாதம். கிலோமீட்டர்படி அவர் சொல்வது சரி. ஒன்பது வருஷ ஆயில் என்பது வேறு விஷயம். பின் அச்சுக்குச் சக்தி அனுப்பும் ஹால்டெக்ஸ் கிளட்ச்சின் ஆயிலுக்கும் பில் இல்லை.

லிஃப்டில் ஏற்றினோம். அடி கவர் ஸ்பீடு பிரேக்கர்களில் உரசிக் கிழிந்திருந்தது. முக்கியமாகப் பார்க்க வேண்டியது இடது முன் நீளத் தண்டு. டிடியின் அலுமினியப் பாகங்களைக் கம்பெனியில் துளையிடாமலே குத்தி இறக்கும் ரிவெட்டும் பசையும் வைத்துச் சேர்த்திருப்பார்கள். ரிவெட் தலைகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், சட்டைப் பொத்தான் வரிசை போல இருக்கும். வெட்டிச் சேர்த்தால் அந்த வரிசை கலைந்துவிடும், வேறு வகை ரிவெட் வந்துவிடும். இங்கே கலையவில்லை. சீலன்ட் கோடும் பழையதே. அடி தோலோடு நின்றிருக்கிறது, எலும்புக்குப் போகவில்லை.

ஷாக் அப்சார்பர்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. முந்தின நாள்தான் வாட்டர் வாஷ் ஆகியிருக்கிறது என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன்.

நீலாம்பூரில் ஏறி மதுக்கரை வரை பைபாஸில் ஓட்டினோம். கியர் மாற்றம் வெண்ணெய். பிரேக் நேராகப் பிடித்தது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

காகிதங்கள் சொன்னது

இடது பக்கக் கதை இன்சூரன்ஸ் பாலிசியில் இருந்தது. ஐந்து வருஷம் க்ளெய்ம் இல்லாமல் இருந்தால் நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவீதம் வரை ஏறும். இவர்கள் பாலிசியில் 20 சதவீதம்தான். அதற்கு முந்தைய வருஷப் பாலிசியைக் கேட்டு வாங்கினோம், அதில் சைபர். ஆக, அதற்கும் முந்தைய வருஷம் க்ளெய்ம் போயிருக்கிறது. பாலிசியைப் பெரியவர் முன்னால் விரித்து வைத்ததும் அவர் புரோக்கரைப் பேசவிடவில்லை. 2020-இல் ஊரடங்கு தளர்ந்த சமயம் டிரைவர் ஷெட் தூணில் இடித்துவிட்டாராம். பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர். பில்லைக் கொண்டுவந்து காட்டினார். 3.1 லட்சம், அதில் ஹெட்லைட் மட்டுமே பெரும்பகுதி. மீட்டரும் லேபிளும் சொன்னதோடு பில் பொருந்தியது.

பெரியவர் தன் விலைக்கு ஆதாரமாகக் காட்டியது பாலிசியில் எழுதியிருந்த ஐடிவி, அதாவது இன்சூரன்ஸுக்காக வண்டிக்குப் போட்ட மதிப்பு: 20 லட்சம். "கம்பெனிக்காரனே இருபதுன்னு போட்டிருக்கானுங்களே." இது அடிக்கடி கேட்கும் வாதம். ஐந்து வருஷம் வரைதான் ஐடிவிக்கு அட்டவணைக் கணக்கு. நாலு வருஷம் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் வண்டிக்குப் பாதி கழியும். அதற்குப் பின் கம்பெனியும் ஓனரும் பேசி ஒத்துக்கொள்ளும் எண். கூடப் போட்டால் பிரீமியம் கூடும், கம்பெனிக்கு அதில் வருத்தமில்லை. வண்டியை வாங்க ஆள் இருக்கிறாரா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

ஆர்சியில் இரண்டு விஷயம். ஒன்று, 2017-இலேயே கடன் முடிந்தும் பேங்க் பெயர் எச்பி, அதாவது வண்டி கடனுக்கு ஈடு, என்று அப்படியே இருந்தது. மற்றொன்று, முதலில் கம்பெனி பெயரில் பதிவாகி, பிறகு மகன் பெயருக்கு மாறியிருந்தது. அதனால் ஓனர் எண் 2. ஒரே குடும்பம்தானே என்று இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கில் சேர்க்கவும் இல்லை.

கழித்துக் கட்டிய விலை

ஒரு வெள்ளைத்தாளில் எழுதினோம். ஆரம்பம் 17.25 லட்சம். டயர் நாலுக்கு 72,000. கியர் ஆயில், ஹால்டெக்ஸ் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், பிளக் எல்லாம் சேர்த்து 68,000.

விபத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பதில் எனக்கும் தம்பிக்கும் வாதம். அவர் கேட்டது 3.1 லட்சம், பில் தொகை முழுவதும். அந்தப் பணத்தை இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டது, வேலையும் முடிந்துவிட்டது, அதை மறுபடி ஓனரிடம் கேட்பது எப்படி நியாயம்? நாளைக்கு நீ விற்கும்போது ஃபெண்டரில் 640 காட்டும். அதைப் பார்த்து வாங்குகிறவர் எவ்வளவு குறைப்பார் என்று யோசி, அதை மட்டும் கழி என்றேன். 75,000 என்று வைத்தோம். கடைசியாக, கண்ணுக்குத் தெரியாததற்கு ஒரு தொகை. 43,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கிறது என்று 60,000 போட்டேன்.

மொத்தக் கழிவு 2.75 லட்சம். மீதி 14.5. முதலில் 14.25 கேட்பது, 15-க்கு மேல் எழுந்து வந்துவிடுவது என்று முடிவு.

பேச்சு

பேரம் என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கணக்குத் தாளை அப்படியே பெரியவர் கையில் கொடுத்தோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "டயருக்குக் கழிச்சிருக்கறது சரிங்க. ஆயிலுக்கும் சரி. ஆனா பதினேழேகால்ல ஆரம்பிச்சிருக்கீங்களே, அது எங்கிருந்து வந்துச்சுங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சென்னை, பெங்களூரு விவரத்தைச் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மோர் கொடுத்து அனுப்பினார்.

பதினோரு நாள் போன் இல்லை. தம்பி நான்கு முறை என்னைக் கூப்பிட்டு, இன்னும் ஐம்பதாயிரம் ஏற்றலாமா என்றார். ஏற்றினால் அந்தத் தாளில் எந்த வரி தப்பு என்று நாமே சொல்ல வேண்டியிருக்கும் என்று மறுத்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் பெரியவரே பேசினார், புரோக்கர் இல்லாமல். 14.9 லட்சத்தில் முடிந்தது.

பேங்க் என்ஓசியும் படிவம் 35-உம் கொண்டு எச்பியை நீக்கித் தருவது விற்பவர் பொறுப்பு. அதுவரை 2.9 லட்சம் நிறுத்திவைப்பது என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினோம். ஓனர் பெயரை மாற்றும் படிவம் 29, 30-இல் அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டோம். எச்பி நீங்க ஏழு வாரம் ஆயிற்று. நிறுத்திவைத்த பணம் இல்லாவிட்டால் ஏழு மாதம் ஆகியிருக்கும் என்பது என் எண்ணம். இன்சூரன்ஸை வண்டி எடுத்த நாளே புதிதாகப் போட்டோம். பழைய பாலிசியின் போனஸ் ஓனரோடு போகும், வண்டியோடு வராது.

வாங்கிய பின்

டயர் 78,000 ஆயிற்று, ஆயில் வகையறா 61,000. இரண்டும் சேர்ந்து கணக்குக்கு அருகிலேயே வந்தன. ஜூன் மாதம் பாலத்து ஜாயின்ட்களில் ஏறும்போது முன்னால் "டக்" என்று ஒரு சத்தம். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் இடது முன் ஷாக் அடிவரை எண்ணெயில் நனைந்திருந்தது. வலதிலும் கசிவு ஆரம்பித்திருந்தது. இவை சாதாரண ஷாக் அல்ல. உள்ளே இருப்பது காந்தத் துகள் கலந்த எண்ணெய், மின்சாரம் கொடுத்தால் கெட்டியாகும். ரிப்பேர் என்ற பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும், ஜோடியாக. ஐந்து வாரம் காத்திருந்து, பாகங்களை வரவழைத்து, கூலியோடு 1.95 லட்சம்.

தெரியாததற்கு நான் ஒதுக்கிய 60,000 எங்கே, இது எங்கே. கசிவு பிப்ரவரியிலேயே இருந்திருக்க வேண்டும். வாட்டர் வாஷ் அதைக் கழுவிவிட்டது. குறைந்த கிலோமீட்டர் என்ற ஒரு எண்ணைப் பார்த்து நான் மயங்கினேன். ரப்பரும் சீலும் கிலோமீட்டரை மட்டும் வைத்துக் கெடுவதில்லை. வருஷத்தை வைத்தும் கெடும். நின்றே கிடந்த வண்டியில் இன்னும் சீக்கிரம்.

எல்லாரையும் பயமுறுத்திய அந்த இடது ஃபெண்டர் இரண்டு வருஷத்தில் ஒரு ரூபாய் செலவு வைக்கவில்லை.

விற்றபோது

2024 பிப்ரவரியில் தம்பிக்கு இரண்டாவது குழந்தை. பின் சீட் என்று பெயருக்கு ஒன்று இருக்கும் வண்டி இனி சரிவராது என்று விற்பனைக்கு வைத்தார். மீட்டரில் 58,400. முந்தின வருஷ நவம்பரில் டிடி தயாரிப்பையே ஆடி நிறுத்திவிட்டது, இனிமேல் விலை ஏறும் என்று சிலர் சொன்னார்கள். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. பதினோரு பேர் விசாரித்தார்கள், மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூன்றாமவர் சேலத்துக்காரர். அவரும் பாக்கெட்டிலிருந்து காந்தத்தை எடுத்தார். தம்பி அதை வாங்கிக் கதவில் ஒட்டிக் காட்டிவிட்டு, என் மீட்டர் கணக்கையும் 2020 க்ளெய்ம் பில்லையும் கையில் கொடுத்திருக்கிறார். விபத்துக்காக அவர் குறைத்தது வெறும் முப்பதாயிரம்.

ஆனால் ஆர்சியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "மூணாவது ஓனருங்களா? அப்போ நான் நாலாவது." கம்பெனியும் மகனும் ஒரே குடும்பம் என்ற விளக்கம் எடுபடவில்லை. ஆர்சியில் இருப்பது 3, அவ்வளவுதான். அதற்கு ஒரு லட்சம் போயிற்று. 12.75 லட்சத்தில் முடிந்தது.

வாங்கியது 14.9. டயர், ஆயில், ஷாக் சேர்த்து 3.34. மொத்தம் 18.24. விற்றது போக 5.49 லட்சம், ஏறக்குறைய 24 மாதம். மாசத்துக்கு 23,000-க்குச் சற்றுக் கீழே. பெட்ரோலும் இன்சூரன்ஸும் தனி. தம்பிக்கு இதில் வருத்தமில்லை. வால்பாறைக்கு முப்பது முறையாவது போயிருப்பார்.

மறுபடி செய்தால் மாற்றுவது

முதல் 17.25 சரியாகவே இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். முடிந்த விலை இரண்டுதான் கிடைத்தது என்றாலும், சொன்ன விலை ஏழைவிட அந்த இரண்டு நம்பகமானவை. விபத்துக்குக் கழித்த 75,000 கொஞ்சம் அதிகம். காகிதம் எல்லாம் ஒளிவில்லாமல் கையில் இருந்தால் அதில் பாதி போதும்.

தவறு இரண்டு இடத்தில். தெரியாததற்கான தொகையை அந்த வண்டியின் விலை உயர்ந்த ஒரு பாகத்தை வைத்துக் கட்டியிருக்க வேண்டும், மீட்டரை வைத்து அல்ல. இந்த டிடியில் அது காந்த ஷாக் ஜோடி, குறைந்தது ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்க வேண்டும். மற்றது ஓனர் எண். எனக்கு அது வெறும் காகிதமாகத் தெரிந்தது, நம்மூரில் வாங்குகிறவர் முதலில் கேட்பதே அதுதான். இரண்டையும் சேர்த்திருந்தால் எங்கள் தாளில் மீதி பதிமூன்றுக்குக் கீழே வந்திருக்கும். அந்த விலைக்குப் பெரியவர் கொடுத்திருப்பாரா என்பது வேறு. அநேகமாகக் கொடுத்திருக்க மாட்டார், தம்பியும் வால்பாறைக்குப் பழைய வண்டியிலேயே போயிருப்பார்.

இப்போது யாராவது பழைய வண்டி பார்க்கக் கூப்பிட்டால், ஒரு வாரம் முன்பே ஓனருக்குப் போன் செய்துவிடுகிறேன். கழுவ வேண்டாம், தூசியோடு இருக்கட்டும், நான் வரும்வரை கீழே ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்து அதன் மேல் நிறுத்தி வையுங்கள் என்று.